கடனுக்கு வந்த நாற்காலி

பெங்களூர்க்காரர் உட்காரவே இல்லை.
வந்ததும் நாற்காலியைக் குப்புறக் கவிழ்த்தார்,
டார்ச் அடித்து அடிவயிற்றைப் பார்த்தார்,
சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல.

"பிரேசில்தான். ஜக்கராண்டா மரம்.
அறுபதுக்கு முன்னே பின்னே."

எனக்குத் தெரியும் என்றேன்.
அறுபத்திரண்டில்
ஒரு பொட்டலம் கடல்நிறக் கல்லை வாங்கிவிட்டுக்
காசு தர முடியாத ஒருவன்
வாப்பாவிடம் இதைத் தள்ளிவிட்டான்.
கப்பலில் கொழும்பு,
தலைமன்னாரில் ஸ்டீமர் ஏறி தனுஷ்கோடி,
ரயிலில் ராமநாதபுரம்,
அங்கிருந்து கீழக்கரைக்கு மாட்டுவண்டி.
வராக்கடன் நாலு காலில் வந்திருக்கு என்று
தெருவே சிரித்ததாம்.

"தண்ணியில போட்டா இரும்பா முங்கும்."
வருகிறவர் எல்லோரிடமும் சொல்வார் வாப்பா.
யாரும் போட்டுப் பார்க்கவில்லை.
கல்லைப் பற்றி அவர் சொன்னதையும்
அப்படியே நம்பித்தான் வாங்கினார்கள்.

பாகம் பிரித்தபோது
தராசு, கடை, தோப்பு, கொழும்பு வீடு என
காக்காமார் நாலு பேரும் எடுத்தது போக
எனக்கு மாடியறை.
அதன் மூலையில் இது,
ஒரு கை கழன்று,
ஏதோ ஒரு பெருநாளுக்கு ஜன்னலுக்கு அடித்து
மிச்சமான பச்சை பெயின்ட்டோடு.

மூன்று மாதம் உப்புத்தாள் போட்டேன்.
கச்சான் காற்று
தேய்த்த தூளையெல்லாம் அள்ளி
என் முகத்திலேயே போட்டது.
பச்சைக்கு அடியில் கறுப்பு,
கறுப்புக்கு அடியில் ஊறிய புளியின் நிறம்,
அதில், கடல் உள்வாங்கிய காலையில்
மணலில் கிடக்குமே, அந்த மாதிரி வரிகள்.
இடது கையில் வாப்பாவின் சிகரெட் சுட்ட வடு மூன்று.
இரண்டைத் தேய்த்துவிட்டேன்.
மூன்றாவது ஆழம்.
தோள் வலித்தது, விட்டுவிட்டேன்.

உடைந்திருந்த முளையைப் பிடுங்கித்
தண்ணீர் தம்ளரில் போட்டேன்.
மிதந்தது.
விரலால் அழுத்திப் பார்த்தேன்.
மறுபடியும் மேலே வந்தது.

"பாலிஷ் போட்டது யாரு?"
நான்தான்.
"அடடா. தொடாம விட்டிருந்தா மூணு லட்சம் மேடம்.
இப்போ எழுபதாயிரம் தரலாம்."
எண்ணெய் வாசம் போகாத கைகளைத்
துப்பட்டிக்குள் இழுத்துக்கொண்டேன்,
திருடி மாட்டிக்கொண்டவள்போல.

ராத்திரி துபாயிலிருந்து அசன் காக்கா.
எல்லாருக்கும் பங்கு உண்டு என்று
போன வாரம் சொன்னவர்.
எழுபதை ஐந்தால் வகுக்கும் மூச்சு
போனில் நன்றாகவே கேட்டது.
"பதினாலாயிரமா? நான் வந்து போற டிக்கெட்டுக்கே பத்தாதே.
நீயே வச்சுக்க, ஜெய்னம்பு."

வைத்துக்கொண்டேன்.
மஃரிப் முடிந்து ஏறி உட்கார்ந்தால்
இடது கை ஒருமுறை முனகும், அப்புறம் அடங்கும்.
என் விரல் தானாகப் போய்
அந்த மூன்றாவது குழியில் நிற்கும்.

தம்ளரைக் கழுவ மறந்திருந்தேன்.
நாலாம் நாள் பார்த்தால்
முளை
அடியில் கிடந்தது.