களையும் கோப்பு

குளச்சல் துறைமுகச் சாலையில், எங்கள் கடையின் பின்கட்டில்,
டீசல் வாசனைக்கும் நைலான் வாசனைக்கும் நடுவில்
ஒரு கணினி.
தூண்டில் முள், ஈயக்குண்டு, மிதவை, தங்கூசி,
கணவாயை ஏமாற்றுகிற ஒளிர்பொம்மை என்று
இணையத்தில் நாங்கள் விற்பவை ஐந்நூற்றுச் சொச்சம்.
அவற்றைத் தேடித் தருகிற ஃபில்டர்கள்
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.

"மீனைவிட வலை கூடிப்போச்சே" என்றார் தனிஸ்லாஸ் முதலாளி.
"களஞ்சிரு மோளே. தடைக்காலம் முடியதுக்குள்ள."

நிறம் என்ற தலைப்பின் கீழே
நீலம், நீல நிறம், நீளம், ப்ளூ, புளூ, கடல் நீலம், வெறும் கடல்.
ஏழு பேருக்கும் ஒரே நூல்கண்டு.
நீளம் என்ற தலைப்பின் கீழே
வழி தவறிய ஒரு நீலம் நின்றிருந்தது.
எடையில்: ஐம்பது கிராம், 50 கி, ஐம்பது கிலோ.
ஐம்பது கிலோ ஈயக்குண்டைத் தேடி
இதுவரை யாரும் வரவில்லை.

எல்லாம் எனக்கு முன்னால் இருந்த ரெக்ஸின் கைவேலை.
அவன் இப்போது மஸ்கட்டில்
ஒரு குளிர்கிடங்கில் பெட்டி எண்ணுகிறான்.
அந்தக் கிடங்கை நினைத்தால் பாவமாயிருக்கிறது.

ஒவ்வொன்றாய் அழித்தால் நாலு சொடுக்கு.
மூன்றாவதில் 'உறுதியாகவா?' என்று கேட்கும்.
முதல் நாள்
நாற்பத்தொரு தடவை உறுதியாக இருந்தேன்.
ராத்திரி, குழம்பு போதும் என்ற கணவனிடம்
"உறுதியாகவா?" என்றேனாம்.

பிறகுதான் தெரிந்தது:
எல்லாவற்றையும் அட்டவணையாக இறக்கி,
கடைசிக் கட்டத்தில் ஒன்று என்ற எண்ணைப் போட்டு,
அதே கோப்பைத் திரும்ப ஏற்றிவிட்டால்
கடை தானே வாசித்துத் தானே அழித்துக்கொள்ளும்.
ஏற்றுவது என்றால் சேர்ப்பது என்றிருந்தேன்,
வள்ளத்தில் ஐஸ் ஏற்றுகிற மாதிரி.
காலி பண்ணவும் ஏற்றத்தான் வேண்டுமாம்.

செவ்வாய்க்கிழமை, அந்த ஒன்றைப் பிடித்துக் கீழே இழுத்தபோது
விரல் நிற்கவில்லை.
பதினொரு நிமிடம் எங்கள் கடையில் நிறமே இல்லை.
தூத்தூரிலிருந்து போன்:
"அக்கா, பச்சைய காணல்லியே. சரக்கு தீந்துட்டா?"
தீரவில்லை.
பச்சை நூல்கண்டு என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது,
விலையோடு, தூசியோடு.
அதற்குப் போகிற பாதையைத்தான் நான் அழித்திருந்தேன்.
"பத்து நிமிசம் அண்ணே" என்று சொல்லி
பழைய கோப்பைத் தேடினேன், வேர்த்து.

அதற்கப்புறம் மெதுவாக.
கோப்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு:
பெயர் அச்சு அசலாக இருந்தால்தான் அழிக்கும்.
'மிதவை'யை அழிக்க 'மிதவை' போதும்.
'மிதைவ'யை அழிக்க நானும் 'மிதைவ' என்று எழுத வேண்டும்.
எங்கோ ஒரு சொல்லுக்குப் பின்னால்
ரெக்ஸ் தட்டிவிட்டுப் போன இடைவெளியை,
கண்ணுக்கே தெரியாத அந்த ஒன்றுமில்லாததை,
நானும் தட்ட வேண்டும்.
மூன்று நாள்
அவன் பிழைகளைப் பிழையில்லாமல் எழுதினேன்.

ஆயிரத்து நானூற்று ஏழாம் வரிசை: 'செல்சன் கேட்டது.'
அதற்குள் ஒரே ஒரு சாமான்,
ஏழாம் நம்பர் முள், கழுத்து சற்று வளைந்தது.
"யாரு செல்சன்?"
முதலாளி கொஞ்சம் யோசித்தார்.
"வள்ளத்த வித்துட்டு இப்ப கொச்சிக்கு மீன் லாரி ஓட்டுதான்."
ஒன்று போட்டேன்.
முள் இருக்கிறது, மேல்தட்டில்.

மிஞ்சியவை எழுபத்துநாலு.
"எல்லாம் களஞ்சாச்சா?"
"களஞ்சாச்சு."
களைந்தவை இரண்டாயிரத்து இருநூற்று நாற்பத்திரண்டும்
வரிசை பிசகாமல், இடைவெளி பிசகாமல்
இனி இருக்கிற ஒரே இடம்
களைவதற்காக நான் எழுதிய கோப்பு.
ஒரு ஈயக்குண்டின் புகைப்படத்தைவிட எடை குறைவு.
அதன் பெயர் 'இறுதி மூன்று'.

தடை முடிந்த இரவு படகுகள் போன சத்தம்
வீடு வரை கேட்டது.
காலையில் கடை திறந்தபோது முதல் ஆர்டர் காத்திருந்தது.
யாரோ நீலம் என்று தொட்டிருக்கிறார்.
நீலம் வந்திருக்கிறது.