எழுத்துதான்

பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்க
பழைய தாள்கள் வேண்டுமாம்.
அம்மா பீரோ மேலிருந்து இறக்கினாள்:
ஜவுளிக்கடைப் பை, அதற்குள் இன்னொரு பை,
அதற்குள், ரப்பர் பேண்டு இற்றுப்போய் ஒட்டிக்கொண்டு, நான்.

முதல் தாள். வயது ஐந்து வருடம் இரண்டு மாதம்.
பிரிசில்லாவில் ஒரு எழுத்தைக் காணோம்.
கண்ணைப் பார்ப்பதில்லை. கேட்டதற்குப் பதில் இல்லை.
குடையின் படத்தைக் காட்டியபோது முகர்ந்து பார்த்தாள்.
நுண்ணறிவு ஐம்பத்திரண்டு.
லேசான அறிவுத்திறன் குறைபாடு.
அதன் பிறகு, பேனா நின்று மை ஊறிய இடத்தில்,
ஒரு கேள்விக்குறி.

ஐம்பத்திரண்டோடு எனக்குப் பகை கிடையாது.
இரண்டால் வகுபடும், நாலால், பதின்மூன்றால்.
ஒரு சீட்டுக்கட்டு.
ஆனால் அதை என்னிடமிருந்து எப்படி எடுத்தார்கள்?
ரத்தம் எடுத்தால் பஞ்சாவது வைப்பார்கள்.

"அன்னிக்கு என்னம்மா நடந்துச்சு?"
"இன்னா நடந்துச்சு. கொருக்குப்பேட்ட கேட்ட போட்டுட்டான்.
முக்கா மணி நேரம். ஆட்டோல காத பொத்திகினு அழுத.
டாக்டரு உள்ள கூப்டப்ப தூங்கி வழிஞ்ச.
பத்து நிமிசம். அவ்ளோதான்."
இறால் உரித்துச் சிவந்த விரல்களால்
ரப்பர் துணுக்குகளைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

கேட் போட்டிருந்தால் சரக்கு வண்டி.
சரக்கு வண்டி என்றால் பெட்டிகளை எண்ணியிருப்பேன்.
நாற்பத்தொன்று என்று நினைவு.
நினைவா,
எண்ணத் தெரிந்த பிள்ளைதான் என்று காட்ட
அந்த ஐந்து வயதுக்குள் இப்போது ஒரு ரயிலை அனுப்புகிறேனா?

இரண்டாம் தாள் முதல் தாளைப் பார்த்து யாரோ எழுதியது.
எண் வந்திருக்கிறது. லேசான வந்திருக்கிறது.
கேள்விக்குறி வரவில்லை.
அதற்கப்புறம் பஸ் பாஸ், அடையாள அட்டை, பள்ளிப் படிவம்,
எல்லாவற்றிலும் முற்றுப்புள்ளி.
பதினோரு வயதில் ஆட்டிசம் என்று ஒரு தாள் சேர்ந்தது,
பழையதைக் கிழிக்காமல் மேலே ஒட்டிய போஸ்டர் மாதிரி.

கோபப்படப் பார்த்தேன். முடியவில்லை.
அந்தச் சொல்லுக்குத்தான் மாதாமாதம் பணம் வந்தது.
இங்கிலீஷ் தெரியாத அம்மாவுக்கு அது தாளே இல்லை.
கேஸ் சிலிண்டர்.

அப்போ நான் அது இல்லையோ என்று
ஒரு நிமிடம் உடம்பு மிதந்தது.
உடனே ஹேமாவதி ஞாபகம்.
சிறப்புப் பள்ளியில் நாலு வருடம் பக்கத்து நாற்காலி.
அவள் ஃபைலில் எங்கேயும் கேள்விக்குறி இருக்காது.
எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால்
என் காதுக்கு முதலில் வந்தது அவள் கைதான்,
என் கை இல்லை.
எதிலிருந்து தப்பித்ததாக மிதந்தேன்?
அவளிடமிருந்தா?

ஷூ லேஸ் கட்ட வந்தது பதினாலு வயதில்.
ரேஷன் கடையில் "சீக்கிரம்மா" என்றால்
பதின்மூன்றால் வகுக்கிற அதே தலை
பத்து ரூபாய் மீதியை வாங்காமல் திரும்பிவிடும்.
இதில் ஆட்டிசம் எவ்வளவு, அது எவ்வளவு,
வெறும் பயம் எவ்வளவு?
அரிசியும் உளுந்தும் கலந்தால்கூட முறத்தில் பிரிக்கலாம்.
ஊறவைத்து அரைத்தாகிவிட்டது.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடை.
அண்ணன் முதல் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
"மை போய்ட்சும்மா. டார்க்கா வெக்கவா?
இது இன்னாது, கடசீல... அழுக்கா, எழுத்தா?
அழுக்குன்னா ஒயிட்னர் வெச்சுட்டு எடுக்கறேன்."

பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள்.
எனக்குப் பதில் எப்போதும் தாமதமாகத்தான் வரும்.
அவர் காத்திருந்தார்.

"எழுத்துதான்" என்றேன்.