மாடிப்படித் திருப்பம்

ஐப்பசி பிறந்தால் உப்பனாறு
எங்கள் தெருவுக்குள் வந்து செருப்புகளை எடுத்துப்போகும்.
கடலூர் ஓ.டி.யில் இது ஒரு செய்தியே இல்லை.
அதனால்தான் யெஸ்டியை மாடி ஹாலில் வைத்தோம்,
சாக்கில், வாளியில், ஒரு கட்டைப்பையில்.
சேஸை மட்டும் இரண்டு மூங்கிலில் கட்டி
முன்னால் ஆதிமூலம், பின்னால் நான்.
கீழ்வீட்டு ஜெயக்கொடி கதவைத் திறந்து
"யாரு?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

பழைய இரும்புக் கடையில்
எடைக்குப் போகவிருந்ததைத் தராசிலிருந்து இறக்க
தம்பி ஒரு மாசச் சம்பளம் கொடுத்தான்.
இறால் பண்ணையில் ராக்காவல் அவனுக்கு.
எனக்கு சிப்காட்டில் ஸ்டோர்ஸ்;
எந்த நட்டு எந்த டப்பாவில் என்பது என் பொறுப்பு.

உப்புக்காற்று தின்ற வண்டி.
மட்கார்டு, விரலால் குத்தினால் அப்பளம்.
பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக் கிடந்தது.
மண்ணெண்ணெய் ஊற்றிப் பதினோரு நாள்.
பன்னிரண்டாம் நாள் கட்டை வைத்து ஒரு தட்டு,
அரை அங்குலம் நகர்ந்தது.
தேங்காய் உடைக்கலாமா என்றான்.
உடை, சட்னிக்கு ஆச்சு என்றேன்.

டேங்க்குக்குள் நட்டுகளைப் போட்டு மூடி
ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம்.
கீழே சீரியல் நேரம்.
ஜெயக்கொடி ஒட்டடைக் கம்பால் கூரையை இடித்தாள்.
கேழ்வரகுக் கூழ் மாதிரி வந்தது துரு,
ஒரு வாளி, இன்னொரு வாளி.
சைலன்ஸருக்குப் பழம்புளி.
புது பேரிங் இரண்டும் ஃப்ரீசரில்
வஞ்சிரத் துண்டுகளுக்கு அடியில்;
கிராங்க் கேஸ் தோசைக்கல்லில்.
சூட்டில் அது விரிய, குளிரில் இது சுருங்க,
சுத்தியல் இல்லாமலே உள்ளே போய் உட்கார்ந்தது.
டக்.
இந்த வீட்டில் எதுவும்
இத்தனை சமாதானமாகப் பொருந்தி நான் பார்த்ததில்லை.

நிறத்தில்தான் சண்டை.
உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க
கருப்பு, அதற்கடியில் பச்சை, அதற்கடியில்
எந்த வீட்டுப் பிள்ளையோ ஒட்டிய
பட்டாம்பூச்சி ஸ்டிக்கரில் ஒரு சிறகு,
கடைசியில் கம்பெனி மெரூன்.
இதோடு நிறுத்து என்றேன்.
சுறா முதுகுச் சாம்பல் வேண்டும் என்றான்.
மூன்று நாள் பேச்சில்லை.
பிறகு டேங்க் எனக்கு, மற்றதெல்லாம் அவனுக்கு.
அந்த மற்றதில் இருந்தது ஹேண்டில்பார்:
பாண்டிச்சேரிப் பட்டறை ஒன்றில் வளைத்து வாங்கி
பஸ்ஸில் இரண்டு டிக்கெட் எடுத்துக் கொண்டுவந்தான்,
எருமைக் கொம்பு அகலம்.

தை மாதத்து ஞாயிறு.
ஜன்னல்களைத் திறந்துவைத்து
பெட்ரோலில் ஆயில் கலந்து,
கியரும் தானே கிக்கரும் தானே என்றிருக்கும்
அந்த ஒற்றை இரும்பை நிமிர்த்தி மிதித்தான்.
ஏழாம் மிதிக்கு ஹால் நிறைய நீலப் புகை.
அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
ஜெயக்கொடி படியேறி வந்தாள்.
திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தோம்.
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
வண்டியைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள்.
"சரி, இத கீழ எப்படி எறக்குவீங்க?"

துண்டு துண்டாக ஏறியது
எங்களுக்கே மறந்துபோயிருந்தது.

ஏழாம் படியில், சுவர் திரும்புமிடத்தில்
கொம்பு இரண்டும் காரையைக் கீறி நின்றன.
பாரைக் கழற்று என்றேன். நாலு போல்ட்தானே.
முடியாது, இறங்கினால் முழுசாய் இறங்கணும்.
கீழே அவன், முன்சக்கரத்துக்குத் தோள் கொடுத்து.
மேலே நான், கேரியரைப் பிடித்தபடி.
அவன் முகம் எனக்குத் தெரியவில்லை;
குறுக்கே எட்டு மாத வேலை.
சுவரிலிருந்து காரை உதிரும் சத்தம்.
கீழே ஜெயக்கொடி யாரிடமோ போனில்
"இன்னும் அங்கயேதான் நிக்குதுங்க" என்கிறாள்.

ரொம்ப நேரம் கழித்து
மெரூன் டேங்க் மேல் ஒரு கை நீண்டு வந்தது,
கிரீஸ் படிந்த விரல்களை விரித்து,
ஒன்றும் சொல்லாமல்.

காலையிலிருந்து இடுப்பில் செருகியிருந்த
பதிமூன்றாம் நம்பர் ஸ்பானரை
அதில் வைத்தேன்.