ஏழு விநாடி

தார்த்துவில் பிப்ரவரி. மைனஸ் பதினெட்டு.
பேருந்துப் பணிமனையின் கணக்கை மூடிவிட்டு
நாலாம் மாடிக்கு ஏறி வருகிறேன்.
பூட்ஸைக் கழற்றும் முன்பே
திரை கேட்கிறது: தொடரட்டுமா?

தொடரட்டும்.

தலையில்லாத மணப்பெண்
முடிதிருத்தும் கடைக்குப் போன் போட்டு
சனிக்கிழமை இடமிருக்கிறதா என்கிறாள்.
ஏரியில் மூழ்கிச் செத்த கணக்காளர்
இன்னும் வேலைக்கு வருகிறார்,
பேரேட்டின் மேல் சொட்டிக்கொண்டு.
கூட்டல் மட்டும் ஒருநாளும் பிசகுவதில்லை.
எனக்கு நிஜமாகவே பயம் தந்த காட்சி அதுதான்.

புதன்தோறும் ஒன்பது மணிக்குப் புது அத்தியாயம்.
நான் சிரிப்பதற்கு ஏழு விநாடி முன்
மேல்வீடு சிரிக்கும்.

பெயருக்குத்தான் கான்கிரீட் இந்தக் கட்டடம்.
வெப்பக் குழாய் வழியே இறங்கி வரும்
ஓர் ஆணின் சிரிப்பு,
குளிரில் கிளம்ப மறுக்கும் வண்டிபோல
இருமல் பாதி, சிரிப்பு பாதி.
அவருடைய இணைப்பு என்னுடையதைவிட வேகம்.
ஆகவே வரப்போவது எனக்கு முன்பே தெரியும்.
மேலே நாற்காலி கிறீச்சிட்டால்
தலையணையைத் தூக்கி முகத்தருகே வைத்துக்கொள்வேன்.
ஏழு எண்ணி முடித்ததும் அலமாரி திறக்கும்.
கை வரும்.
தெரிந்தே பயப்படுவதில் ஒரு சுகம்,
ஊசி குத்தப்போகும் நர்ஸ்
சொல்லிவிட்டுக் குத்துவதுபோல.

தபால் பெட்டியில் பெயர் பார்த்தேன்: ஹெல்துர் கிவிமெட்ஸ்.
படிக்கட்டில் இருமுறை எதிர்ப்பட்டிருக்கிறோம்.
அவர் என் பூட்ஸைப் பார்த்தார், நான் அவருடையதை.
எங்கள் ஊரில் அதற்குப் பெயர் வணக்கம்.

ஐந்தாம் அத்தியாயத்தில் ஏதோ மாறிவிட்டது.
மணப்பெண் கண்ணாடி முன் உட்கார்ந்து
நுனி மட்டும் வெட்டினால் போதும் என்றாள்.
மேலே மௌனம்.
நான் சிரித்தேன்.
அப்புறம்தான் வந்தது
அந்த இருமல்.

என் இணைப்புக்கு வேகம் கூடிவிட்டது என்று நினைத்தேன்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.
ஆனால் எனக்கு முன்னால் இப்போது யாருமில்லை.
சொல்லாமல் திறந்தது அலமாரி,
என் அலறலில் பூனை திரைச்சீலையில் ஏறித் தொங்கியது.
மேலே விழுந்து விழுந்து சிரிக்கிறார் மனிதர்.
அந்த இடத்தில் சிரிக்க ஒன்றுமே இல்லை.

ஆறிலும் அப்படியே.
ஏழாவதில் சோதித்துப் பார்த்தேன்.
படத்தை நிறுத்தினேன்.
கணக்காளரின் மூக்கு நுனியிலிருந்து கிளம்பிய சொட்டு
பாதி வழியில் நின்றது.
அறையில் ஒரு சத்தமில்லை.
சும்மா, காரணமே இல்லாமல்,
ஹா ஹா என்றேன்.

மேலே சிரிப்பு.

கம்பளிக் காலுறையோடு படியேறினேன்.
படிக்கட்டின் விளக்கு போன வாரமே செத்திருந்தது.
என் வாயிலிருந்து ஆவி கிளம்பி
எனக்கு முன்னால் ஏறிப் போனது.
கதவைத் திறந்தவர் கையில் தேநீர்.
அதிலும் ஆவி.
அவருக்குப் பின்னால் கறுத்துக் கிடந்தது திரை.
நாற்காலி மட்டும் இடம் மாறியிருந்தது,
குழாயில் காது படும் தூரத்துக்கு.

"பணம் கட்டவில்லை," என்றார்
என் காலுறையிடம்.
"மூன்று வாரமாச்சு, வெட்டிவிட்டார்கள்.
வசனம் பாதிதான் கேட்கிறது.
நீங்கள் அலறுவது முழுசாகக் கேட்கும்."
ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்:
"தொடரைவிட அது நன்றாயிருக்கிறது."

கோபத்துக்கு ஏழு விநாடி கொடுத்துப் பார்த்தேன்.
வரவில்லை.

"தலை கிடைத்ததா அவளுக்கு?"

கீழே வந்து பாருங்களேன் என்று சொல்ல
எங்களைப் போன்றவர்களுக்கு
இன்னும் இரண்டு குளிர்காலமாவது வேண்டும்.
தெரியவில்லை என்றேன்.
இறங்கி வந்தேன்.

சோபாவைக் குழாயோரம் இழுத்தேன். கனம்.
பூனை உதவவில்லை.
ஒலியைக் கூட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன்.
நின்ற சொட்டு விழுந்தது.
"இப்போது மூக்கைத் துடைக்கிறார்,"
இரும்பிடம் வாய் வைத்துச் சொன்னேன்,
"துண்டோடு மூக்கும் வந்துவிட்டது."

மேலே
நாற்காலி கிறீச்சிட்டது.