துரு கொண்டு வரவும்

கரும்பலகையில் எழுதிப்போட்டேன்,
தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை:
நாளைக்கு ஆளுக்கொரு துருப்பிடித்த இரும்பு.
ஓவியப் பீரியடுக்கு மட்டும்
இரண்டு மீடியத்துக்கும் ஒரே அறை.
காளஹஸ்திக்காரர்கள் துணியில் எழுதும் கறுப்பு
கடையில் கிடைக்காது,
துருவும் வெல்லமும் தண்ணீரும்
இருபது நாள் பானைக்குள் சண்டை போட்டால்தான் வரும்
என்றேன்.
ஏழாம் வகுப்பு என்னைச் சந்தேகமாகப் பார்த்தது.

மறுநாள் மேசைமேல்
சைக்கிள் செயின், கதவுக் கீல்,
விசைத்தறியிலிருந்து கழன்ற பல்சக்கரம்,
லாரிப் பட்டறையிலிருந்து ஷாயிஸ்தா அள்ளிவந்த போல்ட்டுகள்.
குணநிதி பூட்டு கொண்டுவந்தான்.
சாவி?
"அப்பாகிட்ட சார்."
அப்பா?
"பிவண்டியில."
பானைக்குள் போடுமுன்
ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டான்.

இருபது நாளும்
ஸ்டாஃப் ரூமில் யாரும் டிபன் பிரிக்கவில்லை.
கணக்கு டீச்சர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

முறைப்படி எருமைப்பால் வேண்டும்.
கடுக்காய்த் தூளோடு கலந்து துணியை முக்கினால்
பாலின் கொழுப்பு மையைப் பிடித்து நிறுத்தும்.
பகுதிநேர ஓவிய ஆசிரியனுக்கு
நாலு மாதச் சம்பளம் பாக்கி.
ஒரு பாக்கெட் பால் வாங்கினேன்,
மூன்று பங்கு தண்ணீர் விட்டேன்.
வகுப்பில் இதைச் சொல்லவில்லை.

ஐந்து மீட்டர் காடாத் துணி.
ஜன்னல் பக்கம் தமிழ் மீடியம்,
கதவுப் பக்கம் தெலுங்கு மீடியம்,
நடுவில் புளியங்குச்சிக் கரியால் ஒரு கோடு.
கோடும் மரபுதான் என்று சொல்லி வைத்தேன்.
கட்டம் கட்டமாகத்தான் அங்கே கதை நடக்கும்.

தேர் வரையலாம், வில் வரையலாம் என்றேன்.
தேசிகா திருத்தணி பஸ் வரைந்தாள்.
முன்விளக்குகள் இருக்கவேண்டிய இடத்தில்
பக்கவாட்டுக்கு இழுத்த இரண்டு கண்கள்.
"சாமிக்கெல்லாம் அப்படித்தானே சார்."
ஜஸ்வந்த் சேவல் வரைந்தான், வால் மட்டும் ஒரு முழம்.
நகரி மூக்கை இரண்டு பக்கமும் வரைந்தார்கள்,
அந்த மலை இல்லாமல் இவர்களுக்குப் படம் இல்லை.
எதிரெதிரே இரண்டு மூக்குகள்,
முகத்தைக் காணோம்.

மூங்கில் குச்சியில் கம்பளி சுற்றி, நூல் கட்டி,
மையில் தோய்த்து அழுத்தினார்கள்.
முதலில் வெறும் பழுப்புத் தண்ணீர்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது.
ஏழாம் வகுப்பு அரை நிமிடம் வாய் திறக்கவில்லை.

பிறகு சேவலின் வால் பரவத் தொடங்கியது.
நார் நாராகக் கசிந்து, கோட்டைத் தாண்டி,
பஸ்ஸின் பின்படியில் ஏறியது.

"உன் கோழிய டிக்கெட் எடுக்கச் சொல்லு."
"கோடி காது, கோடிபுஞ்சு!"
இரண்டு பக்கமும் எழுந்து நின்றது.
பானையைத் திட்டினார்கள், வெயிலைத் திட்டினார்கள்,
ஒருவரின் மீடியத்தை மற்றவர் திட்டினார்கள்.
பாக்கெட் பாலை நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஷாயிஸ்தா குந்தி உட்கார்ந்து
கசிந்த ஒவ்வொரு நாருக்கும் ஒரு தலை வைத்தாள்,
கம்பியைப் பிடிக்க ஒரு கை.
படியில் தொங்கும் எட்டு ஆட்கள்.
ஜஸ்வந்த் எண்ணிப் பார்த்து
ஒன்பதாவதாக ஒருவனைக் கூரைமேல் ஏற்றினான்.
குணநிதி கம்பளிக் குச்சியை வாங்கி
கடைசி ஆளுக்கு மட்டும் ஒரு பை வரைந்தான்,
ஆளைவிடப் பெரிய பை.

மதிப்பெண் பட்டியலில் மாணவர் பெயருக்கு
ஒரே ஒரு வரி விட்டிருந்தார்கள்.
முப்பத்தொரு பெயரையும் நுணுக்கி எழுதினேன்.
குறைகள் என்ற கட்டத்தில்:
பாலில் தண்ணீர். பொறுப்பு, ஆசிரியர்.

பானையைக் கழுவிய அன்று
பூட்டை மட்டும் திருப்பிக் கேட்டான்.
குழாயடியில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான்.
துரு போயிருந்தது.
மற்றபடி
பூட்டித்தான் இருந்தது.