பென்சில் கோடு

அரிஷ்டக் குப்பிகளில் ஒவ்வோர் இரவும்
மிச்ச மட்டத்துக்குக் கோடு போடுவது என் வேலை.
பாலம்பூர், ஆயுர்வேத மருத்துவமனை,
ஆண்கள் வார்டுக்கு எதிரே மருந்தறை.
சன்னலுக்கு வெளியே தௌலாதார்
பனியைக் கழற்றாமலே தூங்குகிறது.

ஏழாம் படுக்கை ஹுகம் சந்த்.
ஆப்பிள் லாரிக்காரன்.
நார்க்கண்டா வளைவுகளை
அரைப் போதையில் இறங்கிப் பழகியவன்
ஒரு தம்ளர் மோரை
இரண்டு கையால் பிடித்தும் சிந்தினான்.

முதல் ஐந்து நாள் அவன் இங்கில்லை.
சட்டென நிறுத்தினால் வலிப்பு வரும் என்று
டாக்டரம்மா கடோச்
தாண்டா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.
"முதலில் உயிர் தங்கட்டும்,
சாஸ்திரம் காத்திருக்கும்."

திரும்பி வந்தபின்
பேரீச்சை, திராட்சை, மாதுளை, புளி
ஊறவைத்துக் கடைந்த பானம்.
மந்தம் என்று பெயர்;
குடித்ததும் கண் திறக்கும்.
நெற்றியில் எண்ணெய் ஒழுகும் வரைக்கும்
கைநடுக்கம் நிற்கும்.
எண்ணெய் நின்றதும்
விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

பதினோராம் இரவு
அசுவகந்தாரிஷ்டம்
கோட்டுக்குக் கீழே மூன்று விரல்.

காட்டாத்திப் பூ போட்டு
வாய்க்குச் சீலைமண் பூசி
ஒரு மாதம் இருட்டில் புளிக்கவைப்பது நாங்கள்.
சாராயத்துக்கு அது
தங்கச்சி முறை.
குடியை விட வந்தவர்களின் எதிரறையில்
அதை அடுக்கி வைத்ததும் நாங்கள்.
பூட்ட மறந்தது நான்.

காலையில் அவனே வந்து நின்றான்.
வாயில் வெல்லப்பாகு வாசனை.
"பஹன்ஜி, மூன்று மூடி குடித்தேன்.
ஒன்றும் ஏறவில்லை.
துவர்ப்புதான் மிச்சம்."
மூன்று விரலுக்குப் பன்னிரண்டு மூடியாவது வரும்.
நான் சொல்லவில்லை.
சிரித்துவிட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.

பழைய நூலில் இருக்கிறதாம்:
கெட்டதைக் கால் பங்கு கால் பங்காய் விடு,
விட்ட இடத்தில் நல்லதை வை.
"ராத்திரி எட்டு மணி,
லாரி நின்றுவிட்டது,
ஹோட்டல்காரன் கட்டில் போட்டுவிட்டான்.
அந்த இடத்தில் எதை வைப்பது?"
என்று கேட்டான்.
டாக்டரம்மா
ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு
வெகுநேரம் யோசித்தார்.

ஞாயிறன்று பிந்தியா வந்தாள்.
கம்பளிச் சட்டையைக் கொடுக்கும் சாக்கில்
அவன் வாயருகே குனிந்து முகர்ந்தாள்.
எண்ணெய்தான் மணந்திருக்கும்.
இருந்தும்
இன்னொரு முறை முகர்ந்தாள்.

இன்றிரவு
பென்சிலைக் கேட்டான்.
கொடுத்தேன்.
குப்பியின் மேல் அவன் இழுத்தது
கோடாக வரவில்லை.
ஏறி இறங்கி ஒடிந்து
மலைப்பாதை மாதிரி இருந்தது.

அழிக்கவில்லை.

அலமாரியைப் பூட்டி
சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.
அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.