எதையாவது தொலைத்துவிட்டீர்களா?

மார்ச் இரண்டாம் வாரம், வூப்பர்டால்.
ஹார்ட் பூங்காவின் சரளைப் பாதை ஓரம்
மண்டியிட்டுக் குனிந்திருக்கிறேன்.
கையில், நான் வேலை பார்க்கும் பல் டாக்டரின் உருப்பெருக்கி
(திங்கட்கிழமை திரும்பி வந்தாக வேண்டும் என்றிருக்கிறார்).
மூக்கு நுனியில் ஈர மண்.

தீக்குச்சி உயரம் இருக்கலாம்.
வெள்ளை. அல்லது வெள்ளை மாதிரி ஒன்று.
இதழ் எட்டு, என்று குறித்துக்கொள்கிறேன்.

"எதையாவது தொலைத்துவிட்டீர்களா?"
நாயோடு ஒரு பெண்மணி.
இல்லை என்று சொல்வதற்குள்
தும்மல் முந்திக்கொண்டது.
அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"சாவியா?" என்றபடி உட்கார்ந்தேவிட்டார், ஃப்ராவ் கோவால்கெ.
தபால்காரர் மஞ்சள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார்.
லெவென்ட் என்றொரு பையன்,
காதில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க,
"கான்டாக்ட் லென்ஸா இருக்கும், யாரும் அசையாதீங்க" என்றான்.

இல்லாத ஒன்றை
இவ்வளவு பொறுமையாகத் தேடியவர்களை
நான் கண்டதில்லை.
ஒவ்வொரு கல்லையும் எடுத்து
எடுத்த இடத்திலேயே வைத்தார்கள்.

"இங்கே வெள்ளையாக ஏதோ..."
"அது பூ."
"பூவா? இதுவா?"
"இதைத்தான்" என்றேன்,
காது மடல் சுட.

யாரும் திட்டவில்லை.
உருப்பெருக்கி கைமாறியது.
கோவால்கெ உரக்க எண்ணினார்:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
மறுபடியும் நான்கு.
ஒவ்வோர் இதழும் பாதிவரை பிளந்து
இரண்டாக நடித்திருக்கிறது.

எட்டை அடித்தேன்.

இந்த ஊரில் இதன் பெயர் பசிப்பூ.
சத்தில்லாத மண்ணில்,
புல்லே கைவிட்ட சரளையில் வரும்;
மரம் இலை விடுவதற்குள் போய்விடும்.
அரும்பு, போது, மலர், வீ என்று
பூவின் வயதுக்கெல்லாம் பெயர் வைத்த தமிழில்
இதற்குப் பெயரில்லை. தமிழைக் குறை சொல்ல முடியாது,
இது அந்தப் பக்கம் வந்ததே இல்லை.
இருந்தும் ஒரே காம்பில், கட்டைவிரல் நீளத்துக்குள்,
அரும்பு, போது, மலர், கீழே காய்கூட.
வீ என் சட்டைக் கையில்.

மலையடியில், ஆற்றின் மேல்
தொங்குரயில் போகும் ஓசை.
தபால்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தவர்
எழுந்தபடியே நின்றார்.
பார்க்கப் பழகிய கண்ணுக்கு
பாதை ஓரம் முழுக்க வெள்ளை.
லெவென்ட் ஒற்றைக்காலில்.
"நான் தினமும் இந்த நாயை..." என்று தொடங்கி
கோவால்கெ முடிக்கவில்லை.

வந்த தடத்திலேயே கால் வைத்து
ஒருவர் பின் ஒருவராய் வெளியேறினோம்.
நாய் மட்டும் குறுக்கே ஓடியது.

மாலை, வீட்டு வாசலில் பையைத் துழாவுகிறேன்.
சாவியைக் காணோம்.